ஆணி காந்தமான மாலை

துடியலூருக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியை. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சோதனைகள் செய்து பார்க்கும் அறிவியல் மாலை ஒன்றைப் போன வருடம் முதன்முறையாக நடத்தினேன். வகுப்பறை நிரம்பி வழிந்தது. எல்லோரிடமும் ஓர் ஆணி, செம்புக் கம்பி, பேட்டரி, சில குண்டூசிகள் கொடுத்திருந்தேன். ஆணியில் கம்பியைச் சுற்றி பேட்டரியோடு இணைத்தால் ஆணி காந்தமாகிவிடும் என்று சத்தமாக அறிவித்தும்விட்டேன். ஒருவர் ஆணியிலும் ஒரு குண்டூசிகூட ஒட்டவில்லை.

அதுவரை கதவோரமே நின்றிருந்த, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா, மெதுவாக என்னருகில் வந்தார்.

“ஏனுங்க டீச்சர், கம்பி முனையில எனாமல் பூச்சைச் சுரண்டலீங்களா? அது இருந்தா கரண்டு போகாதுங்க. நான் மோட்டார் கம்பெனியில காயில் கம்பி சுத்தறனுங்க.”

“எனக்குத் தெரியாமப் போச்சுங்க. நீங்களே செஞ்சு காட்டுங்க!” என்று அவரை நடுமேசைக்கு அழைத்துப்போனேன்.

கைவேலைப் பெட்டியிலிருந்த உப்புத்தாளால் இரண்டு முனைகளையும் தேய்த்து இணைத்தார். குண்டூசிகள் துள்ளிவந்து ஆணியைக் கவ்விக்கொண்டன. வகுப்பறையே கத்தியது, நானும்தான். அடுத்த நிமிடம் ஆளாளுக்குத் தங்கள் கம்பியை நீட்டியபடி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அது எங்கம்மாங்க!” என்று அவர் மகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று கூவினாள். இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.