பதினேழு அம்பும் ஒற்றை அம்பும்: விங் வாங்க ஆம்பூர் போன கதை

கடலில் ஓட்டுகிற சாமானை வாங்க, கடலே இல்லாத ஆம்பூருக்கு எதற்குப் போனாய் என்று இதுவரை ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இந்தப் பதிவு. விங் ஃபாயிலிங் பழகுகிறவர்களுக்கும், பழைய விங் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் உதவும். மற்றவர்கள் பிரியாணி வரைக்குமாவது வாருங்கள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். காலுக்குக் கீழே ஒரு பலகை. பலகைக்கு அடியில், நீருக்குள், சின்ன விமான இறக்கை போல ஒரு ஃபாயில். கையில் காற்றடித்த பெரிய விங். காற்று விங்கை இழுத்து வேகம் வந்ததும் பலகை நீரை விட்டு ஓரிரண்டு அடி மேலே எழும்பும், சத்தமெல்லாம் நின்றுவிடும். அந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை பாடும். விங்கின் முன்பக்கம் முழுக்க ஒரு தடித்த குழாய் ஓடுகிறது, நடுவில் இன்னொன்று. இரண்டுக்குள்ளும் சைக்கிள் மாதிரியே உள் ட்யூப் உண்டு. முன் குழாய் வெடித்தால் நம் கையில் மிஞ்சுவது ஒரு நனைந்த போர்வை.

பிப்ரவரியில் எனக்கு அந்தப் போர்வை மிஞ்சியது. சென்னையை அடுத்த கோவளம் கரையிலிருந்து சுமார் எழுநூறு மீட்டர் உள்ளே. பட்டென்று ஒரு சத்தம், அடுத்த நொடி நான் தண்ணீரில். பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவினேன். ஒரு மணி நாற்பது நிமிடம் துழாவியும் கரை கிட்டே வரவில்லை. கடைசியில் வலை எடுத்துத் திரும்பிய படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். கரையில் என் மனைவி மஞ்சுளா நின்றிருந்தாள். திட்டவில்லை. பதினான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் மிகவும் பயந்தது அப்போதுதான்.

“திடீர்னு வெடிச்சிடுச்சு, நான் என்ன பண்ண முடியும்?” என்றேன். தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து, தோசைக் கல்லின் பக்கத்திலிருந்து வந்தது.

“அடுத்த விங்கை வளர்மதிகிட்ட காட்டு. அவ பாஸ் பண்ணா தண்ணிக்குப் போ. ரிஜெக்ட்னு சொல்லிட்டா பலகையையும் சேர்த்து வித்துடு. இதுக்கு மேல பேச்சு இல்ல.”

வளர்மதி என் மனைவியின் கல்லூரி ஹாஸ்டல் தோழி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங் செக்ஷனில் இருக்கிறார், இப்போது சூப்பர்வைசர். நீச்சல் தெரியாது. கடலைப் பார்த்ததே நான்கைந்து முறைதான் இருக்கும். “அவங்க செருப்பு பாக்குறவங்க” என்று மெல்ல இழுத்தேன். “செருப்பு இல்ல, ஷூ. அவ பாத்து அனுப்புனது எதுவும் திரும்பி வந்ததில்ல” என்றாள் மஞ்சுளா. அப்படியானால் நானும் திரும்பி வரமாட்டேனா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

புதிய விங் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அதனால் பழையது இரண்டைப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்று கோவளத்தில் என்னோடு ஓட்டும் நண்பருடையது: ஐந்து சதுர மீட்டர், நான்கு சீசன் ஓடியது, சாயம் வெளுத்து ஒட்டுப் போட்டது, 28,000 ரூபாய். இன்னொன்று காட்பாடியில் ஓர் ஐ.டி. இளைஞருடையது: அதே அளவு, மூன்று வருடத்துக்கு முன் வாங்கியது, இரண்டே தடவை ஓட்டியது, 45,000 ரூபாய். போட்டோவில் கண்ணைப் பறித்தது. மனசு காட்பாடிக்கு எப்போதோ போய்விட்டது, உடம்பு போக வேண்டியதுதான் பாக்கி.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு காலை 6.10க்கு சென்ட்ரலில் ரயில். உட்காரும் இருக்கை 105 ரூபாய். முதுகில் நண்பரின் விங், கையில் என்னுடைய வெடித்த விங். தைக்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்ற ஆசைதான். 130 கிலோமீட்டர், காட்பாடி வந்தபோது 8.05. அங்கிருந்து இளைஞரின் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ 80 ரூபாய்.

விங் மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் இருந்தது. காலை எட்டரைக்கே அந்த அறையில் வேர்த்துக் கொட்டியது. “சார், ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்” என்றார். காட்ட முடியவில்லை. பையிலிருந்து எடுத்தபோது துணி மொடமொடவென்று புதுப் புடவை போலச் சத்தம் போட்டது. இரண்டாயிரம் முன்பணம் கொடுத்து, மாலைக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லி எடுத்துக்கொண்டேன்.

மூன்று பைகளோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால் என்ன நடக்கும் என்று திட்டமிடுகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

“இன்னாண்ணா இது, டென்ட்டா?” என்றார் ஓட்டுநர்.

“காத்தடிச்சா றெக்கை மாதிரி ஆகும்ணா. கடல்ல ஓட்றது.”

“கடல்ல ஓட்றதுக்கு இன்னாத்துக்கு வேலூர் பக்கம் வர்ற? ரைட்டு, மூட்டைக்கு ஒரு சீட்டு காசு ஜாஸ்தி குடுத்துடு.”

எனக்கு 30, மூட்டைகளுக்கு 30. பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூர் புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம், 48 ரூபாய். பள்ளிகொண்டா வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தேன், மூட்டைகள் உட்கார்ந்து வந்தன. ஆம்பூரில் இறங்கியபோது 11.05. வளர்மதி வீட்டுக்கு ஆட்டோ 60.

வளர்மதி வாசலிலேயே நின்றிருந்தார். “வாங்கண்ணா. மூணு மூட்டையா? மஞ்சு ரெண்டுன்னு சொன்னா?” என்று முதல் கேள்வியிலேயே எண்ணிக்கையைப் பிடித்துவிட்டார். மோர் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். கையில் சின்ன லென்ஸ் ஒன்று, சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்று. ஷூவில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட அந்த அம்பை ஒட்டுவார்களாம்.

இரண்டு விங்குக்கும் காற்றடித்தேன். பக்கத்து மாடிகளில் ஆறேழு தலைகள் முளைத்தன. வளர்மதி அழகு, நிறம், கம்பெனி பெயர் எதையும் பார்க்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஆளோட வெயிட்டு இதுல எங்கண்ணா வந்து உக்காருது?”

மூன்று வருடமாக ஓட்டுகிறேன், என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. யோசித்து யோசித்துத்தான் காட்டினேன்: கைப்பிடியின் அடி, நடுக் குழாயும் முன் குழாயும் சேரும் இடம், முன் குழாயின் நீளத் தையல், காற்றைத் தாங்கும் வால்வு. அவர் அந்த இடங்களை ஒரு முறை விரலால் தொட்டு வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். தையலைக் கண்ணால் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். விரல் நின்ற இடத்தில் மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். தையல் நெருக்கமாக இருந்தால் பலம்தானே என்றேன். “ரொம்ப நெருக்கிட்டா ஊசி ஓட்டையே வரிசையா நின்னுடும். அப்புறம் தபால் ஸ்டாம்ப்பு கிழிக்கிற மாதிரி கிழிச்சுக்கலாம்” என்றார்.

நண்பரின் விங்கில் அம்புகள் விழ ஆரம்பித்தன. சாயம் வெளுத்த இடம், உரசிய இடம், பழைய ஒட்டு, பிசிறு, உரிந்துபோன எழுத்து. பதினேழு. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். நண்பரிடம் என்ன சாக்கு சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். காட்பாடி விங்கில் ஒரே ஓர் அம்பு, வால்வின் அடியில்.

“அப்ப இதுதான்!” என்றேன்.

“அதான் ரிஜெக்ட்டு” என்றார் வளர்மதி. “அந்தப் பதினேழும் மைனரு. பாக்கறதுக்குத்தான் அசிங்கம், வெயிட்டு வர்ற எடத்துல ஒண்ணு கூட இல்ல. அந்த ஒட்டு கூட நல்லா சுத்தமா போட்டிருக்காங்க. இது ஒண்ணுதான், ஆனா வால்வு அடியில கம்மு விட்டுக்கிச்சு பாருங்க, நகம் உள்ள போவுது. எங்க வெச்சிருந்தாங்க இத?”

தகரக் கூரை அறையைச் சொன்னேன். மூன்று வருட வேலூர் வெயில் என்றும் சொன்னேன்.

“எங்க ஸ்டோர்ல ஒரு ஜோடி மூணு வருசம் டப்பாவுலயே கெடந்துச்சு. யாரும் கால வெச்சதில்ல. எடுத்துப் போட்டு ரெண்டு அடி நடந்தாங்க, சோலு பிஸ்கட் மாதிரி உதிர்ந்துடுச்சு. போடாத ஷூவ புதுசுன்னு நெனைக்கக் கூடாதுண்ணா.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். “ரெண்டையும் அப்படியே விட்டுட்டு சாப்ட்டு வரலாம்” என்றார். வெயிலில் காற்று விரியும் என்பதால் இரண்டிலும் ஏழு பி.எஸ்.ஐ. இருந்த காற்றழுத்தத்தை ஐந்தாகக் குறைத்து, நிழல் பக்கம் தள்ளிவிட்டுக் கீழே இறங்கினோம்.

ஆம்பூர் போய்ப் பிரியாணி பற்றி எழுதாவிட்டால் என்னை வெளியில் நடமாட விடமாட்டீர்கள். கடை வீதியில் மட்டன் பிரியாணி 260 ரூபாய், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். என் நாக்கு அன்று மாடியில் கிடந்த வால்வில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஏறிப் பார்த்தோம். பதினேழு அம்பு வாங்கிய விங் தட்டினால் மேளம் போலச் சத்தம் போட்டது. காட்பாடி அழகி இடுப்பொடிந்து கிடந்தாள். வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன், வரிசையாகக் குமிழிகள். கடலில் எழுநூறு மீட்டர் உள்ளே இருந்தபோது இது நடந்திருந்தால் என்று நினைத்ததும் நானே வால்வைத் திறந்து மிச்சக் காற்றையும் வெளியே விட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது. “மூணாவது மூட்டையில இன்னா?” என்றார் வளர்மதி.

வெடித்த விங்கை விரித்தேன். முன் குழாய்த் தையலை ஒட்டி முழ நீளத்துக்குக் கிழிசல். அவர் குனிந்து கிழிசலின் ஒரு முனையை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தார்.

“இங்க டேப்பு ஒட்டியிருக்கீங்க.”

“ஆமா... வெடிச்சப்புறம் சும்மா ஒட்டிப் பாத்தேன்.”

“இல்லண்ணா. அப்புறம் ஒட்டியிருந்தா டேப்பு முழுசா இருக்கும். இது பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். துணியோட சேர்ந்து டேப்பும் கிழிஞ்சிருக்கு.”

மாடியில் நிற்க வெட்கமாக இருந்தது. உண்மை இதுதான். வெடிப்பதற்குப் பத்து நாள் முன்பே அங்கே நூல் பிரிந்திருப்பதைப் பார்த்தேன். தையலுக்குக் கொடுத்தால் இரண்டு வாரம் ஆகும், காற்றோ அப்போதுதான் நன்றாக வந்துகொண்டிருந்தது. விரல் நீளத்துக்கு டேப் ஒட்டிவிட்டு நான்கு தடவை உள்ளே போனேன். ஐந்தாவது தடவை படகில் வந்தேன்.

“மஞ்சுவுக்குத் தெரியுமா?”

தலையை ஆட்டினேன். தெரியாது.

அவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்த ஒரு நிமிடத்தில் பலகை, ஃபாயில், விங் எல்லாவற்றுக்கும் மனசுக்குள் விளம்பரமே எழுதிவிட்டேன்.

“மஞ்சு, பாத்துட்டேன்டி. வெளுத்துப்போன றெக்கை இருக்குதே, அது பாஸ்.”

“நெஜமாவா? அப்ப தைரியமா அனுப்பலாமா?”

“றெக்கையத் தைரியமா அனுப்பலாம். ஆளுதான் ரீவொர்க். இன்னான்னு அவரே வந்து சொல்வாரு.”

போனை வைத்துவிட்டு ரோலிலிருந்து ஓர் அம்பைக் கிழித்து என் சட்டைப் பையின் மேல் ஒட்டினார். “சொல்லி முடிக்கற வரைக்கும் எடுக்கக் கூடாது. ரீவொர்க்னா ரிஜெக்ட்டு இல்லண்ணா, பயப்படாதீங்க. சரி பண்ணிட்டு வந்தா நாங்க பாஸ் பண்ணுவோம்.” பதினாறு வருடமாக எத்தனை பேரைத் தலை குனிய வைத்திருப்பாரோ, நோகாமல் குத்தத் தெரிந்திருந்தது.

மாலை காட்பாடியில் விங்கைத் திருப்பிக் கொடுத்தேன். “ரெண்டே தடவைதான் சார் ஓட்டினேன்” என்றார் இளைஞர் பாவமாக. உள் ட்யூபை மாற்றாமல் யாருக்கும் விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். குமிழி வீடியோவைப் பார்த்ததும் சம்மதித்து முன்பணத்தைத் திருப்பித் தந்தார். சென்னை ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் அரக்கோணம் வரைக்கும் என் சட்டையில் இருந்த அம்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை காப்பியோடு மஞ்சுளாவிடம் டேப் கதையைச் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டு, “எனக்கு அன்னைக்கே தெரியும், டேப் ரோல் குறைஞ்சிருந்துச்சு. நீயா சொல்றியான்னுதான் பாத்தேன்” என்றாள். அப்புறம் அழுதாள். இரண்டு மாதம் சேர்த்து வைத்த அழுகை. நானும் அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

பழைய விங் வாங்கப் போகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை தடவை ஓட்டியது என்பதைவிட எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். மாடி அறை, கார் டிக்கி என்றால் வால்வின் அடியில் நகம் விட்டுப் பாருங்கள், சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். காற்றடித்து ஒரு மணி நேரமாவது காத்திருக்காமல் பணம் கொடுக்காதீர்கள். சாயம் போனதைச் சொல்லி விலையைக் குறையுங்கள், ஆனால் அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கனமான துணி கையில் கொஞ்சம் பாரமாகத் தெரியும், ஆனாலும் நம் ஊர் மணலுக்கும் வெயிலுக்கும் அதுதான் தாங்கும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். ஆம்பூர் போய்வர எனக்கு, பிரியாணி சேர்த்து, ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது.

வளர்மதி ஒரு ரோல் அம்பு ஸ்டிக்கரை மஞ்சுளாவுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறார். அது எங்கள் வீட்டில் கார் சாவிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. விங்கில் அம்பு இருந்தால் அன்றைக்குக் கடல் கிடையாது. ஒரு மாதமாக மஞ்சுளா பார்த்துத்தான் அனுப்புகிறாள், இதுவரை ஒன்றும் ஒட்டவில்லை.

இன்று காலை அவள் சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டாள். பையை எடுக்கும்போது பார்த்தேன், விங்கை மணிக்கட்டோடு கட்டும் பட்டையில் இரண்டு நூல் பிரிந்திருந்தது. டேப் மேஜையிலேயே இருந்தது. அம்பை எடுத்து நானே ஒட்டினேன். ஆனாலும் கால் கேட்கவில்லை, கோவளம் வந்துவிட்டேன். காற்று பதினாறு நாட், அதாவது மணிக்கு முப்பது கிலோமீட்டர், ஒரே சீராக வீசுகிறது. நண்பர்கள் நான்கு பேர் உள்ளே பறந்துகொண்டிருக்கிறார்கள். இந்தப் பதிவு முழுவதையும் கரையில் உட்கார்ந்துதான் எழுதினேன்.