மாதாவுக்கு நேர்ந்த கார்

காருக்குள் ஏறுமுன் அருமைராசா சப்பாத்தைக் கழற்றிவிடுவார். கழற்றிய சோடியை ஒரு பிளாஸ்ரிக் தட்டில் வைத்துப் பின்சீற்றுக்குக் கீழே தள்ளிவிட்டு, காலுறையோடு பிறேக்கை ஒருமுறை மிதித்துப் பார்ப்பார். அடுத்தது முன்விளக்குகள். பட்டப்பகலாக இருந்தாலும் போடுவார். மூடி வைத்த அந்த இரண்டு விளக்குகளும் பொனெற்றிலிருந்து ஒன்றாக எழுந்து நிற்கவேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் அன்றைக்குப் பயணம் இல்லை. இறங்கி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பிந்திய விளக்கின் முன்னால் கையைக் கட்டியபடி நிற்பார். வீட்டுக்குள் சேலை உடுத்து வெளிக்கிட்டு நிற்கும் மனைவி மாக்கிரட், தன்னுடைய கொறொலாவின் சாவியைத் தேடத் தொடங்குவார்.

கார் 1991ஆம் ஆண்டுப் பொன்ரியாக் ஃபயர்பேர்ட். கறுப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும் உடம்பு. அருமைராசா கிழமைநாட்களில் மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறார். அந்த லொறிக்குள் படியேறித்தான் போகவேண்டும். "வேலை நாளில மேல இருந்து ஊரைப் பாக்கிறன். சனிக்கிழமையில கீழ இருந்து பாக்கிறன். கீழ இருந்து பாத்தாத்தான் ஊர் வடிவு" என்பார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் காரிலிருந்து எழும்பி வெளியே வருவதற்கு அவருக்கு இப்போது ஒரு கையும் ஒரு முனகலும் தேவைப்படுகின்றன.

கர்க்லாண்டில் உள்ள அவருடைய வீட்டில் ஒரு கார் நிற்கத்தக்க கராஜ் இருக்கிறது. அந்த இடம் யாருக்கு என்பதில் இந்த வீட்டில் ஒருநாளும் இழுபறி இருந்ததில்லை. நவம்பரில் ஃபயர்பேர்ட் உள்ளே போய்விடும். நான்கு தாங்கிகளில் ஏறி, பழைய பெட்ஷீற்றுகளைப் போர்த்துக்கொண்டு ஏப்ரல் வரைக்கும் கிடக்கும். விடியற்காலையில் கார்டெரியில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போகும் மாக்கிரட்டின் கொறொலா பனிக்குள் புதைந்து வெளியே நிற்கும். "என்ர கார் வேலைக்குப் போகுது, அவற்ற கார் நித்திரை கொள்ளுது" என்று மாக்கிரட் கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறார். ஆனாலும் ஒரு நியாயம் சொல்லவேண்டும். கொறொலாவின் கண்ணாடியில் இறுகிய பனியை அவருக்கு முன்னால் எழுந்து சுரண்டிவிடுவது அருமைராசாதான்.

லசீனில் ஒரு வயதான பிரெஞ்சுக்காரரிடம் 2000ஆம் ஆண்டில் வாங்கிய கார் அது. வாங்கிய கோடையிலேயே அதைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். "கொம்பனிக்காரன் எல்லாருக்கும் பொதுவாச் செய்தவன். நான் எனக்கெண்டு செய்யிறன்" என்பது அவர் கட்சி. மெக்கானிக் வேலை படித்தவர் அல்ல. கெடுத்துக் கெடுத்துத்தான் பழகினார். சைலன்சரைக் கழற்றிவிட்டு அவர் பூட்டிய முதலாவது புகைக்குழாய், நாற்பதாம் நெடுஞ்சாலையில் பின்னால் வந்த வாகனங்களெல்லாம் ஹோர்ன் அடிக்கக் கழன்று விழுந்தது. இரண்டாவது நின்றது. அதன் சத்தம் அவருக்குச் சங்கீதம், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலையிடி. பிறகு பின்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் வந்தது. ஸ்பிறிங்குகள் மாறின. தானாக மாறும் கியர் போய், கையால் போடும் கியர் வந்தது. அதற்கு இரண்டு கோடைகாலம் சென்றது. விளக்குகளைத் தூக்கும் மோட்டருக்குள் இருந்த பிளாஸ்ரிக் பற்சில்லுகளைக்கூட உலோகத்தில் எடுப்பித்துப் போட்டார்.

கழற்றிய எதையும் எறிவதில்லை. சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களில் சுற்றி கராஜின் தட்டுகளில் அடுக்கிவிடுவார். மகள் ஜென்சி ஒருநாள், "அப்பா, இதெல்லாம் கார்பேஜ்தானே?" என்று கேட்டாள். "அது காரின்ர சாமான், பிள்ளை. நான் கழட்டினாப்போல அதின்ர இல்லையெண்டு ஆகுமோ?" என்றார்.

வீட்டுக்குள்ளும் அவர் கை சும்மா இருப்பதில்லை. சோற்றுப் பானையின் மூடிக்கு மரக்கைபிடி முளைத்திருக்கிறது. பனி அள்ளும் சவளின் பிடி ஒரு முழம் நீண்டிருக்கிறது. தான் திருத்திய பொருளைத் தூரத்தில் வைத்துப் பார்த்து, "பிழையில்லை" என்று சொல்வார். அதற்கு மேலான பாராட்டு அவரிடம் கிடையாது. கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கும், மகளின் பரீட்சைப் புள்ளிக்கும் அதே பிழையில்லைதான்.

2007ஆம் ஆண்டு வசந்தத்தில் அவருடைய நெஞ்சு பிழைவிட்டது. துறைமுக வாசலில் லொறிகளின் வரிசையில் நின்றபோது வலி வந்தது. பிறேக்கை இழுத்துப் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் மயங்கினார் என்று பின்னால் நின்ற சாரதிகள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து, அடைபட்ட இடங்களைச் சுற்றிப் புதிய வழி போட்டார்கள். அதற்கு வேண்டிய இரத்தக் குழாயை அவருடைய காலிலிருந்தே எடுத்தார்கள்.

கண்விழித்து விஷயத்தை அறிந்ததும் அருமைராசாவுக்கு வலியைவிட வியப்புத்தான் பெரிதாக இருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். "காலில கழட்டி நெஞ்சில பூட்டியிருக்கிறாங்கள். வேற கொம்பனிச் சாமான் ஒண்டுமில்லை. எல்லாம் ஒறிஜினல்." டொக்டரைப் பற்றி அவர் சொன்ன சொல் உங்களுக்குத் தெரியும்.

சூப் குடிக்கும் நிலைக்கு அவர் வரும்வரைக்கும் மாக்கிரட் பொறுத்திருந்தார்.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொல்ல வேணும். கோவிக்கக்கூடாது."

"சொல்லும்."

"உங்களை உள்ள கொண்டு போகேக்க நான் மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைச்சனான்."

"நல்லம். என்ன, மெழுகுதிரியோ?"

"கார்."

அருமைராசா சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "கொறொலாவோ?"

மாக்கிரட் இல்லையென்று தலையாட்டினார்.

அவருடைய கணக்கு நேரானது. கேட்டது பெரிய பொருள், கொடுப்பதும் பெரிதாக இருக்கவேண்டும். கொறொலாவை நேர்ந்திருந்தால் மாதாவை ஏய்த்ததாகிவிடும். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபோது, வீட்டில் எதைக் கொடுத்தால் கொடுத்தது போலிருக்கும் என்று யோசிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றார் அருமைராசா.

"நீங்கள் மயங்கிக் கிடந்தனீங்கள்."

நடக்கத் தொடங்கியதும் அவர் போன முதல் இடம் பங்குக் குரு பத்திநாதர் சுவாமியின் அறை. சுவாமி முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மற்றவற்ற பொருளை நேர ஒருத்தருக்கும் உரிமையில்லை. அந்த நேர்த்தி கட்டாது. கார் உங்கட கார்தான், பயப்பிடாம ஓடுங்கோ" என்றார். அருமைராசா வீடு திரும்பியபோது அவருடைய நடையில் வருத்தக்காரன் என்ற அடையாளமே இல்லை.

மாக்கிரட் வெங்காயம் வெட்டிக்கொண்டே அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "சுவாமி சொன்னது சட்டம். நான் சொன்னது மாதாவோட. நீங்கள் ஓடுறதெண்டா ஓடுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் அந்தக் கோடை முழுவதும் ஃபயர்பேர்டில் ஏறவில்லை. அருமைராசா காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் ஜன்னலில் வந்து நிற்பார். திரும்பி வரும்போதும் அங்கேயே நிற்பார். மாடிப்படியில் கணவர் கொஞ்சம் மூச்சுவாங்கினால் போதும், மாக்கிரட்டின் கண் கராஜ் பக்கம் போகும். அருமைராசா பொறுத்துப் பார்த்தார். அவர் மனைவியை மிகவும் நேசிப்பவர். அதை அவர் வாயால் கேட்டவர்கள் இல்லை, அவ்வளவுதான். மரங்கள் சிவக்கத் தொடங்கிய நேரத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "சரி, குடுப்பம்" என்றார்.

பனிக்காலம் முழுவதும் கராஜுக்குள் விளக்கு எரிந்தது. காரிடம் விடைபெறுகிறார் என்றுதான் மாக்கிரட் முதலில் நினைத்தார். தேத்தண்ணி கொண்டுபோனபோது விஷயம் தெரிந்தது. புகைக்குழாய் கழன்று நிலத்தில் கிடந்தது. அதன் இடத்தில் கொம்பனிச் சைலன்சர் ஏறியிருந்தது. தட்டுகளில் இருந்த பொதிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தன.

"என்ன இது?"

"நீர் நேர்ந்தது காரை. இது நான் பிறகு போட்ட சாமான். கார் மாதாவுக்கு. சாமான் எனக்கு." சட்டத்தரணியைப் போலச் சொன்னார்.

மாக்கிரட் தேத்தண்ணியை வேலைமேசையில் வைத்தார். "அப்ப மாதா உங்களை எப்பிடித் தந்தவ? காலில இருந்ததைக் காலிலயே திருப்பிப் பூட்டிப்போட்டோ தந்தவ?"

அருமைராசாவின் கை தானாக நெஞ்சுக்குப் போய்ச் சட்டைப் பொத்தானைத் தடவியது. மறுநாள் அவர் சைலன்சரைக் கழற்றி மறுபடியும் விளம்பரத் தாளில் சுற்றினார். வசந்தம் வந்தபோது கார் அவர் செய்த கோலத்திலேயே நின்றது.

இதற்கிடையில் இருவரும் ஒரு வழி கண்டிருந்தார்கள். கோயில் திருநாளில், நேர்ந்த பொருட்களை ஏலம் கூறுவது வழக்கம். மாம்பழத் தட்டோ, கேக்கோ, கொடுத்தவரே அதை ஏலத்தில் திரும்ப எடுப்பதும் வழக்கம்தான். மாதாவின் பெயரில் காசு சேர்ந்தால் நேர்த்தி தீர்ந்தது. "நானும் கேக்கலாம்தானே?" என்றார் அருமைராசா. "தாராளமாக் கேளுங்கோ. அதுக்கு நான் தடையில்லை" என்றார் மாக்கிரட். ஆனால் அருமைராசாவுக்கு நித்திரை வரவில்லை. காரணம் கிறிஸ்தோப்பர். நகைக்கடைக்காரர். எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும், "அருமையண்ணை, விக்கிற எண்ணம் இருக்கோ?" என்று காரைச் சுற்றிச் சுற்றி வருபவர். கிறிஸ்தோப்பர் கேட்கத் தொடங்கினால் ஒரு லொறிச் சாரதியால் எவ்வளவு தூரம் கூடப் போகமுடியும்?

2008 ஓகஸ்ற். பூசை முடிந்து, மாதாவின் சுரூபம் கோயிலைச் சுற்றி வந்து உள்ளே போனது. கார் நிறுத்துமிடத்தில் ஏலம் தொடங்கியது. ஏலம் கூறும் செபஸ்தியாம்பிள்ளை ஒலிவாங்கியைப் பிடித்திருந்தார். ஒரு பலாப்பழத்துக்கு அடிபிடி நடந்தது. பனங்கட்டிப் பெட்டி ஒன்று அதன் விலைக்கு மேல் பத்து மடங்கு போனது. சனம் சிரித்துக் கைதட்டியது. கடைசியாகக் கார். கழுவித் துடைத்துக் கறுப்பாக மின்னிக்கொண்டு, விளக்குகள் இரண்டையும் உயர்த்தியபடி வெயிலில் நின்றது.

"ஆர் கேக்கிறியள்?"

அருமைராசா முந்திக்கொண்டார். பேரத்தை அடியிலிருந்து தொடங்குவோம் என்று, நான்கு குளிர்கால ரயர்களின் விலையைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கிறிஸ்தோப்பரைப் பார்த்தார்.

கிறிஸ்தோப்பர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். பலாப்பழத்துக்குத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கதை எல்லாருக்கும் தெரியும். மாக்கிரட்டே சொன்னதுதான். அருமையண்ணையின் காருக்கு அவரைத் தவிர வேறு யாரும் கேட்பதில்லை என்று ஊர் பேசி முடித்திருந்தது.

"ஒருதரம்" என்றார் செபஸ்தியாம்பிள்ளை. அவர் முகத்திலும் சந்தோசம்.

அருமைராசாவுக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது. கார் தன்னுடையதுதான். பிறகு காரைப் பார்த்தார். எட்டுக் கோடைகாலம் அதன் கீழே படுத்திருந்திருக்கிறார். தன் உயிருக்கு மாற்றாக மனைவி எடுத்து வைத்த பொருள் அது. அது நான்கு ரயர் விலைக்குப் போகிறது, எல்லாரும் புன்னகையோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவருக்கு முகம் சுட்டது. வெட்கமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

"ரெண்டாந்தரம்…"

அருமைராசா கையை உயர்த்தி அதன் இரண்டு மடங்கைச் சொன்னார்.

செபஸ்தியாம்பிள்ளை ஒலிவாங்கியைக் கொஞ்சம் விலக்கினார். "தம்பி, நிக்கிறது உம்மட கேள்விதான். உமக்கு எதிரா ஒருத்தரும் கேக்கேல்லை."

"தெரியும். கூறுங்கோ."

சனம் கொல்லென்று சிரித்தது. செபஸ்தியாம்பிள்ளை தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஒருதரம் என்றார். சிரிப்பு அடங்கியது. மாக்கிரட் கணவரின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "காணும், இஞ்சருங்கோ, மாதாவுக்கு இவ்வளவு காணும்" என்றார்.

"ரெண்டாந்தரம்."

அருமைராசா சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டு மறுபடியும் கையை உயர்த்தினார்.