அலறாத பெட்டி

சாரல் தொடங்கினால் எங்கள் பின்கதவு ஊதிவிடும். மரம் ஈரத்தைக் குடித்துப் பருத்து, நாதாங்கி விழாது. கதவுக்கு வெளியே கொல்லை, கொல்லை முடியும் இடத்தில் வாய்க்கால். குற்றாலத்தில் அருவி கொட்டினால் எங்கள் வாய்க்கால் படிகள் ஒவ்வொன்றாக மூழ்கத் தொடங்கும். தச்சரைக் கூப்பிட்டால், மழை விடட்டும் என்கிறார்.

மகள் தவழத் தொடங்கிய போன வருடச் சாரலில்தான் அந்தச் சென்சார் பெட்டி வந்தது. கணவருக்கு எர்ணாகுளத்தில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை கிளம்புவார். பின்கதவுக்குப் போகும் நடையின் சுவரில், குழந்தையின் உயரம் பார்த்து அவரே மாட்டினார். யாராவது கடந்தால் அலறும், அவருடைய செல்போனிலும் தெரியும்.

நான் படித்தது இயற்பியல். அதனால் பயம் குறைந்திருக்க வேண்டும், கூடத்தான் செய்தது. அந்தப் பெட்டி எதையும் வெளியே அனுப்புவதில்லை. நம் உடம்பின் சூடு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக எந்நேரமும் நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அதை வாங்கிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. புடைப்புப் புடைப்பான வெள்ளை மூடி நடையைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும். சூடான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால், உள்ளிருக்கும் உணரியின் இரண்டு பாதிகளில் ஒன்றில் கதிர் கூடும், மற்றதில் குறையும். அந்த வித்தியாசத்தைத்தான் அது ஆள் என்கிறது. அசையாமல் நிற்பவர் அதற்கு இல்லாதவர். சித்திரையில் சுவரே உடம்பளவு சுட்டபோது, மகள் நடந்து போன பிறகு தயங்கித் தயங்கிக் கத்தியது.

மாடிவீட்டு அக்கா கொல்லை வழியாக வரும்போதெல்லாம் அதைத் திட்டுவார். "ஏட்டி, கறிவேப்பில பறிக்க வந்தவளக் கள்ளின்னு கத்துது. பூனைக்கும் கத்துது. எனக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாதா இதுக்கு?"

"ரெண்டு பேருக்கும் சூடு ஒண்ணுதாங்க்கா" என்பேன்.

சாரலில் இந்த ஊரில் எந்தத் துணியும் வெளியே காயாது. வீட்டுக்குள் கொடி கட்டாதவர்கள் இல்லை. இந்த முறை வந்திருந்த கணவர் போர்வைகளை எல்லாம் துவைத்து, நடையில் நீளவாக்கில் கொடி கட்டிக் காயப்போட்டார். அவர் அசைய அசையப் பெட்டி அலறியது. கடைசிப் போர்வையை விரித்ததும் அடங்கிவிட்டது.

"காது நிம்மதியாச்சு" என்றார். நானும் சிரித்தேன். பிறகு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மகளைத் தூங்க வைத்துவிட்டு, முன்னறையில் டியூஷன் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. பெட்டி கத்தாத வரை அவள் உள்ளேதான் இருக்கிறாள். இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்க நினைத்தேன்; வீண் பயம் என்று நானே என்னை உட்காரவைத்தேன்.

மாடியிலிருந்து அக்காவின் குரல்தான் வந்தது. "ஏட்டி! பிள்ள வாய்க்கால் படியில இருக்கா! ஓடி வாட்டி!"

மகள் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கவுனின் ஓரம் தண்ணீரில் மிதந்தது. ஒரு கால் வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் தண்ணீரைக் காட்டி, "செருப்பு போவுது" என்றாள். இன்னொரு செருப்பையும் கழற்றிக்கொண்டிருந்தாள்.

தூக்கியபோது அவள் உடம்பு வெதுவெதுவென்று இருந்தது. இந்தச் சூடுதான் நடை வழியாகப் போயிருக்கிறது. ஈரப் போர்வைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெட்டி, இந்தப் பக்கம் என் பிள்ளை. துணியைத் தாண்டி அது பார்க்காது என்பது எனக்குத் தெரியும். துணி அங்கே தொங்குவதும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஏன் யோசிக்கவில்லை?

சாயங்காலம் கணவர் போனில் கூப்பிட்டார். "என்ன, இன்னிக்கு ஒரு தடவகூட அடிக்கலியே! மக அவ்வளவு சமத்தா?"

செல்போனைத் தோளில் இடுக்கி, மகளை இடுப்பில் வைத்தபடியே ஒரு கையால் பெட்டியை மறைத்த போர்வையை இழுத்தேன். ஈரக் கனத்தோடு அது தரையில் விழுந்தது. பெட்டி உடனே அலறியது.

"இந்தா, இப்ப அடிக்குதே. யாரு அங்கன?"

"நாங்கதான்" என்றேன். "மத்தியானமும் இவ இந்த வழியாத்தான் போனா. வாய்க்கால் வரைக்கும் போயிட்டா. அது அடிக்கல. போர்வ மறச்சிருந்தது."

மகளோடு பெட்டிக்கு முன்னால் இன்னொரு முறை நடந்தேன், அது மறுபடியும் அலறியது.