வார்த்தை இல்லாத ஆட்டுக்குட்டி

படப்புத்தகம் எழுதுகிறவளிடம் கையெழுத்துப் பிரதி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. தாள்களை மடித்து, நடுவில் பின் அடித்து, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியும் படம் வரவேண்டிய இடத்தில் பென்சில் கிறுக்கலுமாக ஒரு மாதிரிப் புத்தகம், அவ்வளவுதான். அதன் பின்னட்டையில் தேதி, கிழமை, யாருக்கு வாசித்தேன், எந்தப் பக்கத்தில் குழந்தை கவனம் கலைந்தது என்று குறித்துவைப்பது என் பழக்கம். ஆட்டுக்குட்டிக் கதையின் முதல் மாதிரி ஒரு தை மாத வியாழக்கிழமையைச் சேர்ந்தது. கடைசி மாதிரி, மாங்காய் லாரிகள் ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போகும் வைகாசியில் முடிந்தது. இடையில் நடந்தது பக்கத்து வீட்டுக்காரியால் நடந்தது.

அவள் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளிப் பெண். கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். கணவருக்கும் ஷிப்ட்தான். இவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் ஏறிக்கொண்டிருப்பார். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், பள்ளி விட்டதும் என் வீட்டில் இருப்பாள். அவளுக்கு நான் வாசிக்காத புத்தகம் என் அலமாரியில் இல்லை.

அந்த வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வந்து, மகளை என் பழைய புத்தகம் ஒன்றோடு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் திரும்பி ஓடிவந்தாள்.

“பெரிம்மா, நீங்களே படிங்க. அம்மா தப்புத் தப்பா படிக்குது.”

பின்னாலேயே அவளும் வந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. சிரித்தாள், ஆனால் முகம் கூம்பியிருந்தது.

“நான் கன்னட மீடியம்க்கா. தமிழ் பேசறதோட சரி. எழுத்துக் கூட்டறதுக்குள்ள இவ பக்கத்தத் திருப்பிடறா. சரி, படத்தப் பாத்து நானா சொல்லலாம்னா, ‘அப்பிடி எழுதல, அப்பிடி எழுதல’ன்னு சண்டைக்கு வரா. உங்க வரியெல்லாம் மனப்பாடம் அவளுக்கு.”

“வேணும்னா நான் எழுத்து சொல்லித் தரட்டுமா?”

“கத்துக்கறேன்க்கா, என்னா இப்ப. ஆனா அதுக்குள்ள இவ பெரிசாயிடுவாளே.” மகளின் தலையைத் தடவினாள். “நாள்ல எனக்குக் கெடைக்கறதே சாயந்தரம் அந்தக் கொஞ்ச நேரம். அப்பவும் புக்கத் தூக்கிட்டு இங்க ஓடியாந்துடறா.”

அப்போது என் மேசைமேல் கிடந்தது, கம்பெனி பஸ்ஸில் தெரியாமல் ஏறிவிடும் ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. அன்றே அதில் இருந்த வரிகளையெல்லாம் அழித்தேன். எழுத்து இல்லாவிட்டால் யாரும் தப்பாகப் படிக்க முடியாதல்லவா!

அடுத்த வாரம் அந்த மாதிரியை அவளிடம் கொடுத்தேன். மகளை மடியில் வைத்துப் புரட்டினாள். ஆட்டுக்குட்டி, பஸ், கேட், திரும்ப பஸ். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

“அவ்ளோதானாக்கா?”

அவ்வளவுதான். ‘குட்டிக்குப் பயமாக இருந்தது’ என்று நான் எழுதியிருந்த பக்கத்தில், அந்த வரி போனபின் ஒரு குட்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. படம் செய்யவேண்டிய வேலையை என் வரிகளே செய்துவந்திருக்கின்றன.

சேலத்தில் இருக்கும் ஓவியரைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் பார்க்க, கேட்க, கைகாட்ட ஏதாவது வேண்டும் என்றேன். அடையாள அட்டையின் நாடாவைத் தின்னும் குட்டி. மேசைக்கு அடியில் அதைத் தேடும் செக்யூரிட்டி. கேன்டீன் வரிசையில் மனிதக் கால்களுக்கு நடுவே நாலு சின்னக் கால்கள்.

“அக்கா, நீங்க எழுதாம இருக்கறதுக்கு நான் எவ்ளோ வரைய வேண்டியிருக்கு பாருங்க” என்றார் அவர்.

பதிப்பாளர் இன்னும் கவலைப்பட்டார். “மேடம், ஒரு வரிகூட இல்லாத புத்தகத்துல எழுத்தாளர்னு உங்க பேரை எப்படிங்க போடறது?”

“சின்னதாப் போடுங்க” என்றேன்.

வைகாசியில் ஓவியர் அனுப்பிய படங்களை அச்செடுத்துப் பின் அடித்து, ஒரு ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். இந்தத் தடவை அவள் வேகமாகப் புரட்டவில்லை. முதல் பக்கத்திலேயே நின்று மகளிடம் கன்னடத்தில் ஆரம்பித்தாள். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“இந்தக் குட்டி எதுக்கு பஸ்ல ஏறுது தெரியுமா? இதோட அம்மா காலையிலயே இதுல ஏறிப் போயிடுச்சு. அதத் தேடிப் போகுது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கதையில் தாய் ஆடே கிடையாது. குட்டி வேடிக்கை பார்க்கத்தான் ஏறுகிறது.

சின்னவள் விடவில்லை. “அம்மா ஆடு எந்தப் பக்கத்துல இருக்கு?”

“உள்ள இருக்கு. லைன்ல நின்னு வேலை செய்யுது. ஷிப்ட் முடியாம வெளிய விடமாட்டாங்க.”

அவள் குரலில் செக்யூரிட்டி கன்னடத்தில் அதட்டினார். கேன்டீன்காரர் தெலுங்கில் குட்டிக்கு உப்புமா வேண்டுமா என்று கேட்டார். சின்னவள் சிரித்துச் சிரித்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள். ‘அப்பிடி எழுதல’ என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில், மாலை வெயிலில் பஸ் திரும்பி வருகிறது. ஜன்னலில் குட்டியின் தலை மட்டும் தெரியும். சின்னவள் பக்கத்து ஜன்னலில் விரலை வைத்தாள். அதில் ஓவியர் ஒன்றும் வரைந்திருக்கவில்லை.

“அம்மா ஆடு இங்க உக்காந்திருக்கு. தூங்குது. டயர்டு.”

அம்மா அந்த வெற்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி, “இன்னொந்து சல” என்றாள். இன்னொரு தடவை.

ஓவியரிடம் இதைச் சொன்னபோது, “அந்த ஜன்னல்ல தாய் ஆட்ட வரைஞ்சிடட்டுமாக்கா?” என்று கேட்டார். வேண்டாம், காலியாகவே இருக்கட்டும் என்றேன்.

மாதிரிப் புத்தகத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. அதனால் அதன் பின்னட்டையில் தேதி கிடையாது. அந்த வாரம் முழுக்க, அம்மா வந்தபிறகு சின்னவள் புத்தகத்தோடு என்னைத் தேடி வரவில்லை. ஜவளகிரிக் காட்டில் இருந்து யானை வந்து பஸ்ஸை நிறுத்துவதும், குட்டி போச்சம்பள்ளிச் சந்தைக்கு வழி தவறிப் போவதுமாகப் பக்கத்து வீட்டில் தினமும் கதை மாறிக்கொண்டிருந்தது. நான் என் டீயை எடுத்துக்கொண்டு, அவர்கள் வீட்டைப் பார்த்த ஜன்னலருகே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.