இன்ஜின் கரண்டில் பதிந்த பாட்டு

சொந்தமாகப் பாட்டுக் கட்டி வீட்டிலேயே பதிவு செய்ய நினைக்கும் தோட்டத்து வாசகர்களுக்காக, ஆத்திரம் அடங்காமலேயே இதை எழுதுகிறேன்.

கேசட் ரெக்கார்டர் வாங்க கோலா சிலாங்கூரில் ஒரு கடைக்குப் போனோம். என் கணவர் பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டியை எடுத்தார். கடைக்காரர் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, கரண்டில் மட்டுமே ஓடும் பெரிய பெட்டியைக் காட்டினார்.

"எங்க தோட்டத்துல சொந்தமா இன்ஜின் ஓட்டி எடுக்கற கரண்டுதான், அண்ணே. சரிப்பட்டு வருமா?" என்று கேட்டேன்.

"கரண்டு எல்லாம் ஒண்ணுதான் லா" என்றார். நம்பி அதையே வாங்கி வந்தோம்.

ஒரு மாதம் சாயங்காலம்தோறும் பாடிப் பதிந்தோம். வீட்டில் கேட்டால் அருமையாக இருந்தது. பட்டணத்துப் பாட்டுப் போட்டியில் அந்தக் கேசட்டைப் போட்டார்கள். என் குரல் எலிக்குஞ்சு கத்துவதுபோல் கீச்சிட்டது. மண்டபமே சிரித்தது.

காரணத்தைத் தோட்டத்து இன்ஜின் டிரைவர்தான் சொன்னார். "சாயங்காலம் எல்லா லயத்து வீட்டுலயும் லைட்டு போட்டா கரண்டு எறங்கிடும். பெட்டி மெதுவா சுத்தும்மா. அதே கரண்டுல கேட்டா வித்தியாசம் தெரியாது. டவுன் கரண்டுல வேகமா ஓடுது."

கடைக்காரரிடம் போய் நியாயம் கேட்டேன். "பெட்டி நல்லாத்தானே இருக்கு?" என்றார், சிரித்துக்கொண்டே.

இப்போது பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்றை வேறு கடையில் வாங்கி, புது பேட்டரி போட்டுத்தான் பதிகிறேன். தோட்டத்தில் யார் அந்தப் பழைய கடைக்குப் பெட்டி வாங்கப் போனாலும் அந்தக் கேசட்டோடு நானும் போகிறேன். "கரண்டு எல்லாம் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் வாயைத் திறந்தால், கடை நிறைய ஆள் இருக்கும்போதே அந்தக் கேசட்டைப் போடச் சொல்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் மட்டும் சிரிப்பதில்லை.