காட்ட வேண்டாம், கட்ட வேண்டாம்

எங்கள் வீட்டில் வருமான வரி என்பது தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொங்கல் கரும்பு தீர்வதற்குள் என் கணவர் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிவிடுவார். வீட்டுக் கடன் வட்டி, பையனின் பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ் ரசீதுகள். நான் அடுக்கி, ஓரம் தட்டி, பின் அடித்துக் கொடுப்பேன். குத்தாலத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு அவர் கட்டும் மருத்துவக் காப்பீட்டு ரசீதை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். தஞ்சாவூரில் அவருடைய அலுவலகத்தில் யார் அந்தக் கட்டைப் பிரித்தாலும் முதலில் அது கண்ணில் படட்டும் என்று எனக்கு ஒரு பெருமை.

இந்த வருஷம் மேசை காலியாகவே இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“புது வரி முறைக்கு மாறிட்டேன். இனிமே எதையும் காட்ட வேண்டாம்” என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத பையனுக்கு இதுவரை மதிப்பெண் போட்டதில்லை. எதையும் காட்ட வேண்டாம் என்று ஒருவர் நிம்மதியாகச் சொன்னால், காட்டக் கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். காட்ட வேண்டாம் என்பதற்கும் கட்ட வேண்டாம் என்பதற்கும் எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அந்தக் காலை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

காரணம் இருந்தது. அம்மாவின் முழங்கால் தேய்ந்துபோய், எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மூட்டை மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இருக்கும் நோய் என்பதால் காப்பீடு எடுத்துச் சில வருஷம் பொறுத்திருக்கக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அந்தக் காத்திருப்புக் காலம் இந்த மாசியோடு முடிகிறது. சம்பா அறுவடையானதும், சித்திரையில் ஆபரேஷன் என்று அம்மாவும் ஒருவழியாகத் தலையாட்டியிருந்தாள். இந்தச் சமயத்தில் பிரீமியம் விட்டுப்போனால் எல்லாம் முதலிலிருந்து. அம்மாவின் கால் அதுவரை தாங்காது.

முதலில் அம்மா இந்தக் காப்பீட்டுக்கே சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை காசில் தனக்கு வைத்தியமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்தான் பேசிச் சரிக்கட்டினார். இதைக் கட்டினால் தன் வரி குறையும், அத்தை தனக்குச் செய்கிற உபகாரம் இது என்றார். அப்படியானால் சரி என்றாள் அம்மா. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. ‘சும்மா ஒன்றும் கட்டவில்லை, அவருக்கும் லாபம் இருக்கிறது’ என்று எனக்கே சொல்லிக்கொண்டு, நன்றிக் கடன் இல்லாமல் நிம்மதியாக இருந்தேன்.

இப்போது லாபம் போய்விட்டது. லாபம் போன இடத்தில் மாமியார் மட்டும் எப்படி நிற்பாள்?

கண்காணிக்க ஆரம்பித்தேன். பிரீமியம் கட்டியாகிவிட்டதா என்று கேட்டால் “பாத்துக்கலாம்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் நம்பியதில்லை. வீட்டு வாசலுக்கு வரப்போகிற கேட்டும், சரிசெய்யப்போகிற கொல்லைக் குழாயும் அந்தச் சொல்லில்தான் ஊறிக்கொண்டிருக்கின்றன. இதற்கு நடுவே போன் வந்தால் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். கேவலம்தான், ஆனாலும் பார்த்தேன். ‘அத்தை’ என்று வரிசையாக இருந்தது. என் அம்மா! என்னை விட்டுவிட்டு இவரோடு அவளுக்கு என்ன பேச்சு? இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் வணிகவியல் டீச்சரிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன். புது முறையில் வரிக் கழிவுகள் பெரும்பாலும் கிடையாது, ஆனால் வரி விகிதம் குறைவு, சாருக்கு அதுதான் லாபமாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டே காட்டினார். அதுவரை சரி. மாமியாருக்குக் கட்டின பணத்தைக் காட்ட முடியாமல் போகிறதே என்றேன். அவர் பேனாவை மூடினார்.

“மாமியாருக்குக் கட்டினதை எப்பவுமே காட்ட முடியாதே டீச்சர். பழைய முறையிலயும் தன்னோட அப்பா அம்மா, பொண்டாட்டி, பிள்ளைங்களுக்குத்தான். உங்க அம்மாவுக்கு நீங்க கட்டினா நீங்க காட்டலாம்.”

என் சம்பளத்துக்கு வரியே வராது. அது போகட்டும். எனக்கு வந்த முதல் எண்ணம், இந்த மனுஷன் இத்தனை வருஷமாகப் பொய்க் கணக்குக் காட்டியிருக்கிறார் என்பதுதான். நோட்டீஸ் வரும், அபராதம் வரும், வேலைக்கு ஆபத்து வரும். டவுன் பஸ்ஸில் பாலக்கரை நிறுத்தம் வருவதற்குள் வீட்டை விற்கிற வரைக்கும் யோசித்து முடித்துவிட்டேன்.

அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தேன். “அம்மா ரசீதை ஆபீஸ்ல காட்டுனீங்களா இல்லையா?”

அவர் சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி நின்றார். “மொத வருஷம் காட்டினேன். இது ஆகாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் என்னைப் பின் அடிக்க விட்டீங்க?”

“நீ ஆசையா மேல வச்சு அடிப்ப. பஸ்ஸில ஏறினதும் அதை மட்டும் கழட்டிப் பையில வச்சுக்குவேன்.”

வரி குறையவே இல்லையே, பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். வேறு என்ன சொன்னால் உன் அம்மா வாங்கிக்கொள்வார் என்று திருப்பிக் கேட்டார். மீதியையும் அவரே சொன்னார். இனி எல்லோருக்கும் புது முறைதான், அதில் கழிவு கிடையாது என்று அம்மா டிவியில் பார்த்துவிட்டாளாம். இனி தனக்காகக் கட்ட வேண்டாம், கட்டினால் ஆபரேஷனுக்கே வரமாட்டேன் என்று தினமும் போன் செய்கிறாளாம். பிரீமியம் கட்டும் கெடு முடிய இன்னும் இரண்டு நாள். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் பாத்துக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ரொம்ப வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதைக் காட்டாமல் போனை எடுத்தேன்.

அம்மாவிடம் ஒரே மூச்சில் சொன்னேன். தொடர்ந்து கட்டிவந்த காப்பீட்டை நடுவில் நிறுத்தினால், இதுவரை குறைத்த வரியையெல்லாம் மாப்பிள்ளை திருப்பிக் கட்ட வேண்டுமாம், புது முறையில் அப்படி ஒரு விதி இருக்கிறது என்றேன். அப்படி ஒரு விதி உலகத்திலேயே கிடையாது. என் கணவர் எதிரே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“யாரு சொன்னா?” என்றாள் அம்மா. சந்தேகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

“நான் கணக்கு டீச்சர்மா. எனக்குத் தெரியாதா?”

“சரி, கட்டச் சொல்லு. கட்டினதும் ரசீதை எனக்குக் காட்டு.”

சித்திரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவை முதன்முதலாக நடக்க வைத்தார்கள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர். பாதி தூரத்தில் அம்மா நின்று மூச்சு வாங்கினாள்.

“மாப்பிள்ளை, இந்த வருஷம் உங்களுக்கு வரி குறைஞ்சுதா?”

“நல்லாவே குறைஞ்சுதுங்க அத்தை” என்றார் அவர்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, என் கையை விட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள்.