வரி போட்ட மார்க்கண்டர்

சண்டிலிப்பாயில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் மார்க்கண்டர், ஆழ்வாப்பிள்ளை அம்மானின் இரண்டாம் தாரத்துக் கடைசி மகன். அந்தத் தாய்வழியில் எல்லாருக்கும் கை கொஞ்சம் குறைவு, வாய் கொஞ்சம் கூட. இளம் வயதில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைப் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டினார். போர்மன் சோமசேகரம் தேநீர் வேளையில் சொன்ன கதைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அதில் ஒன்று துவக்குக் குழல். குழலின் உள்பக்கம் வழுவழுவென்று இருந்தால் குண்டு தள்ளாடிப் போகுமாம். உள்ளே முறுக்காக வரி வெட்டினால் சுழன்று நேரே போகுமாம். நீண்ட கம்பியில் சின்னக் கொக்கி உளியைப் பூட்டிக் குழலுக்குள் இழுக்க வேண்டும். இழுக்கும்போதே அது ஒரே சீராகத் திரும்பவும் வேண்டும். மார்க்கண்டர் இதைக் கேட்டாரே தவிரக் கண்டதில்லை. அவர் தண்ணீர்ப் பம்புக்குத் தண்டு கடைந்து கொடுத்தால் தண்டு ஒரு பக்கம் போகும், பம்பு ஒரு பக்கம் போகும்.

போன வருடம் கனடாவிலிருந்து தமக்கையின் மகன் லக்ஷன் வந்தான். கைத்தொலைபேசியை நீட்டிப் படம் பிடித்தபடி, "மாமா, சண்டைக் காலத்திலை நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டான்.

உள்ளதைச் சொன்னால், இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்து சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். மார்க்கண்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நானோ? கணக்கில்லாத துவக்குக்கு வரி போட்டவன் தம்பி!"

படம் உலகம் சுற்றியது. லக்ஷன் கனடா போய்ச் சேர, விசாரணைக்காரர் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்த அதிகாரிகளில் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வந்த இளம் பொலிஸ்காரருடையது பயிற்சி வகுப்புத் தமிழ். நாங்கள் கதைக்கும் சிங்களத்தைவிட அது எவ்வளவோ திறம். ஆனால் வரி என்றால் சனத்திடம் வாங்குவது என்றுதான் அவர் படித்திருந்தார்.

"வரி எப்படி எடுத்தது?"

"ஒரேயடியா எடுக்கிறேல்லை சேர். கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பத் திரும்ப எடுக்கிறது."

"எங்கே எடுத்தது?"

"உள்ளுக்கைதான். வெளியிலை எடுக்கிறேல்லை."

வெளிநாட்டுக்காரரை விட்டுவிட்டு உள்ளூர்ச் சனத்தை உறிஞ்சியவன் என்று பெரியவர் விளங்கிக்கொண்டார்.

"கத்தவில்லையா?"

"கத்தும் சேர். எண்ணெய் விட்டா அடங்கிப்போம்."

பெரியவரின் முகம் கறுத்தது. "காசா எடுத்தது, நகையா?"

அப்போதுதான் மார்க்கண்டருக்கு வேர்த்தது. குழலில் வெட்டிய வரி என்றால் துவக்குச் செய்தவர். சனத்திடம் வாங்கிய வரி என்றால் கொள்ளைக்காரர். எதுவென்றாலும் சிறைதான். 'நான் சொன்னது பொய்' என்றால் ஆளை விட்டுவிடுவார்கள். அதுதான் அந்த வாயில் வரவில்லை.

மனைவி பாலேஸ்வரி அடுப்படியிலிருந்து வந்தாள். "தம்பி, அது இரும்பிலை வெட்டுற வரி. உவருக்கு அதுவும் தெரியாது, ஒரு இழவும் தெரியாது. ஒரு குழாயைக் குடுத்துப் பாருங்கோ."

"நீ சும்மா இரப்பா!"

"நான் சும்மா இருந்தா நீங்கள் மறியல் வீட்டிலை இருப்பியள்."

பெரியவர் மூலையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து நீட்டினார். வேண்டுமென்றே பழுதாக்கிவிட்டுத் தப்பியிருக்கலாம். மனுசன் உண்மையாகவே வெட்டிக் காட்டப் பார்த்தார்! கம்பியில் ஒரு கொக்கி உளியைப் பூட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கொக்கி உளி பாதி வழியில் இறுகி, திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்து, முறிந்தது. உள்ளே பூனை பிராண்டியதுபோல ஒரு நேர்க் கீறல்.

பெரியவர் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். சிரித்தபடி சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் பாலேஸ்வரி.

"இவர் துவக்குச் செய்து கொடுத்திருந்தால் சண்டை அப்போதே முடிந்திருக்கும், சொல்கிறார்."

வாகனம் போய்விட்டது. படம் போட்ட லக்ஷனோடு மார்க்கண்டருக்குக் கோபமில்லை. விசாரணைக்காரரோடும் இல்லை. பாலேஸ்வரியோடுதான் இன்றுவரை முகங்கொடுத்துக் கதைப்பதில்லை. அவள் போட்ட சோற்றைக் குழைத்துக்கொண்டே, "என்ரை தொழிலைக் கெடுத்துப்போட்டாள்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறார்.